நன்றியும் மரியாதையும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நாம் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்றைய தினம் நாம் பேச வேண்டிய விஷயம் இன்னதென்று இவ்வாசகசாலை நிர்வாகிகளே முடிவு செய்து நோட்டீசிலும் அச்சிட்டு விட்டார்கள். மக்களிடையே மரியாதையும், நன்றி சொல்லும் வழக்கமும் குறைந்து வருவது ஏன் என்பது தலைப்பு. இதைப் பார்த்ததும் நமக்கே சற்று ஆச்சரியமாக இருந்தது. கடவுள், ஜாதி, புராணம் என்று ஊர் ஊராய்ப் பேசித் திரிகிற நம்மை மரியாதையைப் பற்றிப் பேசக் கூப்பிடுவது, சாராயக் கடைக்காரரை மதுவிலக்கைப் பற்றிப் பேசக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறதே என்று இங்குள்ள பெரியவர்கள் சிலர் நினைக்கக்கூடும். ஏனென்றால், நாட்டில் மரியாதை கெட்டதற்கே நம்மைப் போன்றவர்கள்தான் காரணம் என்பது அவர்களது எண்ணம். அவ்வெண்ணத்தில் பாதி சரி என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். மற்றப் பாதியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலாவது, குறைந்து போய்விட்டதாகச் சொல்லப்படும் அந்த மரியாதை என்ன என்று பார்ப்போம். எங்கள் காலத்தில் பெரிய மனிதர் தெருவில் வந்தால் திண்ணையில் இருப்பவன் எழுந்து நிற்பான், தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கும், காலில் கிடக்கும் செருப்பு கைக்கு ஏறும் என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். எழுந்து நின்றவன் யார்? யாருக்காக எழுந்து நின்றான்? வந்தவர் வயதில் மூத்தவர் என்பதற்காகவா? அறிவில் மூத்தவர் என்பதற்காகவா? எழுபது வயதுக் கிழவன், ஏழு வயதுப் பண்ணையார் மகனைக் கண்டு "சின்ன அய்யா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றானே, அது எந்த மூப்புக்குச் செய்த மரியாதை? அந்த ஏழு வயதுப் பிள்ளை அக்கிழவனை "டேய்" என்று கூப்பிட்டதை யாராவது மரியாதைக் குறைவு என்று சொன்னார்களா? சொல்லவில்லை.

மேட்டீர் என்ற பாதிரியார் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தாம் கண்டதையெல்லாம் 1871-இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். அங்கே அடிமை ஜாதியார் என்று ஒதுக்கப்பட்டவன் மேல்ஜாதியான் முன்னால் "நான்" என்று சொல்லக் கூடாதாம். "அடியன்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். தான் தின்கிற சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாதாம். அழுக்குக் கஞ்சி என்று அர்த்தப்படும் வார்த்தையால்தான் சொல்ல வேண்டுமாம். தன் பிள்ளைகளைக் குரங்குகள் என்றோ, கன்றுகள் என்றோ சொல்ல வேண்டுமாம். பேசும்போது மூச்சுக் காற்று பட்டு எதிரிலிருப்பவன் தீட்டாகி விடாதபடி வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டுமாம். தோழர்களே! பெற்ற பிள்ளையைத் தன் வாயாலேயே குரங்கு என்று சொல்ல வைத்த இந்த ஏற்பாட்டுக்கு அன்றைக்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? அதற்கும் மரியாதை என்றுதான் பெயர்.

அது மலையாளத்துக் கதை, பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நமது இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதியார் சேர்ந்து ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேஷ்டி இறங்கக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, கிராப் வைக்கக் கூடாது, பெண்கள் மேலே துணி போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது என்பன போன்றவை அவை. மறு வருஷம் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. ஹட்டன் என்ற துரைமகனார் ஜாதியைப் பற்றி 1946-இல் எழுதிய புத்தகத்தில் இவற்றை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். வெயிலில் குடை பிடிப்பதும் மரியாதைக் குறைவு! பித்தளைச் சொம்பில் தண்ணீர் குடிப்பதும் மரியாதைக் குறைவு!

மரியாதையின் கதை இப்படியென்றால் நன்றியின் கதை இதைவிட மோசம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் அதை நமது நாட்டில் யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? விடியற்காலம் நாலு மணிக்கு ஏரைக் கட்டி இருட்டும் வரை உழுதவன், தன் உழைப்பில் விளைந்த நெல்லிலிருந்தே இரண்டு மரக்கால் வாங்கிக்கொண்டு, "எஜமான் உப்பைத் தின்றவன்" என்று பெயரும் வாங்கிக்கொண்டான். அவன் விளைவித்ததை வருஷமெல்லாம் தின்றவனுக்கு யார் உப்பைத் தின்றவன் என்று பெயர் வைத்தார்கள்? ஒருவரும் வைக்கவில்லை. பின்னொரு நாள் உழுதவன் கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டால் அந்தக் கணத்திலேயே "நன்றி கெட்டவன்" ஆகிவிட்டான். இன்றைக்கும் பாருங்கள், நன்றி கெட்டவன் என்ற வசவு வேலைக்காரனைப் பார்த்துத்தான் வருகிறது; மருமகளைப் பார்த்துத்தான் வருகிறது. நன்றி என்பது கீழே இருப்பவனிடமிருந்து மேலே இருப்பவனுக்கு மட்டும் போக வேண்டிய கப்பமாக இருந்ததே தவிர, மேலேயிருந்து கீழே ஒரு நாளும் இறங்கியதில்லை.

ஆகவே, அந்த மரியாதையும் அந்த நன்றியும் குறைந்து போயிற்று என்றால் போகட்டும் என்றுதான் சொல்லுவோம். 1929-இல் செங்கல்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டியெறியத் தீர்மானித்ததும், 1932-க்குப் பிறகு சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் "தோழர்" என்ற ஒரே அடைமொழி போட ஆரம்பித்ததும், 1967-இல் ஸ்ரீயும் ஸ்ரீமதியும் போய்த் திருவும் திருமதியும் சர்க்கார் காகிதத்தில் ஏறியதும் அதற்காகத்தான். இதில் நமக்கு யாதொரு வருத்தமுமில்லை. இன்னும் குறைய வேண்டிய பாக்கி நிறைய இருக்கிறது; தனிக் குவளை வைத்த டீக்கடைகளைப் பற்றி நமது காலத்திலேயே கேட்டுக் கொண்டுதானே இருந்தோம்?

நிற்க. இவ்வளவோடு கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து விட்டால் நமக்குச் சௌகரியம்தான். ஆனால் அது யோக்கியமான காரியமாகாது. ஏனென்றால் பழைய மரியாதை போன இடத்தில் புதிய மரியாதை ஒன்று வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அது வந்ததா என்று பாருங்கள்.

ஓர் ஆபீசுக்குப் போங்கள். மேலதிகாரி குமாஸ்தாவை நிற்க வைத்துப் பேசுகிறார். குமாஸ்தா அந்த ஆத்திரத்தைப் பியூன் மேல் இறக்குகிறார். பியூன் வெளியே வந்து மனுக் கொடுக்க வந்த குடியானவரைப் பார்த்து, "யோவ், அங்கே தள்ளி நில்லுய்யா" என்கிறார். குடியானவர் பஸ் ஏறி ஊருக்குப் போய்ப் பெண்டாட்டியைப் பார்த்து, "தண்ணி கொண்டாடி" என்கிறார். அந்த அம்மாளுக்குக் கீழே யாருமில்லாததால் பிள்ளை முதுகில் ஒன்று விழுகிறது. ரேஷன் கடையில் பார்க்கிறோம். தர்ம ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம். பல் விழுந்த பாட்டியை, மகன் வயதுகூட ஆகாதவர், "ஏய் கிழவி" என்கிறார். பழைய ஆண்டை செத்துப் போனான் என்று நாம் சந்தோஷப்படுகிறோம். ஆனால் அவனுடைய நாக்கை ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டோம் என்பதைக் கவனிக்கவில்லை.

பட்டணத்தில் இப்போது செல்போனைத் தட்டினால் சோறு வீட்டுக்கு வருகிறது. மழையில் நனைந்துகொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறி வருகிறார் ஒரு வாலிபர். கதவு ஒரு சாண் திறக்கிறது, ஒரு கை நீள்கிறது, பொட்டலம் உள்ளே போகிறது, கதவு சாத்திக்கொள்கிறது. முகம் வெளியே வருவதேயில்லை. அந்தக் கைக்காரர் கெட்டவர் அல்ல. காலையில் அதே செல்போனில் கைகூப்பிய பொம்மையை நூறு பேருக்கு அனுப்பியவராகவும் இருக்கலாம்.

சுவீடன் என்ற தேசத்தில் பட்டமும் பதவியும் சொல்லியே ஒருவரையொருவர் கூப்பிட வேண்டும் என்ற கட்டுப்பாடு வெகு காலம் இருந்து வந்தது. 1967-இல் அங்கே சுகாதார இலாகாத் தலைவராக வந்த ரெக்செட் என்பவர், தம் சிப்பந்திகள் எல்லோரையும் தாம் "நீ" என்றே பேசப் போவதாகவும், அவர்களும் தம்மை "நீ" என்றே பேசலாம் என்றும் சொன்னார். கொஞ்ச காலத்தில் தேசம் முழுவதும் அப்படியே ஆகிவிட்டது. அவர்கள் எல்லோரும் "நீ"யில் வந்து சமமானார்கள். நமக்கு அந்த வழி சரிப்படாது என்பதே நமதபிப்பிராயம். காரணம் என்னவென்றால், நம் நாட்டில் "நீ" என்பது உதையோடு சேர்ந்து வந்த வார்த்தை. ஆயிரம் வருஷம் "நீ" என்று கேட்டவனுக்கு இன்னொரு "நீ" என்ன சமத்துவத்தைக் கொடுக்கும்? ஆதலால் நாம் எல்லோரும் "நீங்கள்" என்பதில் ஏறித்தான் சமமாக வேண்டும். பெரியார் தம்மைவிட எவ்வளவோ சிறிய பிள்ளைகளைக்கூட "வாங்க, போங்க" என்றே பேசினார் என்பது அவரோடு பழகியவர்கள் பலரும் சொன்ன விஷயம். தள்ளாத காலத்திலும், வந்தவருக்காக எழுந்திருக்கப் பார்ப்பாராம். அவரைக் கொண்டாடுகிற நம்மில் எத்தனை பேர் சவரத் தொழிலாளித் தோழரை "நீங்கள்" என்கிறோம்? கையைத் தூக்கச் சொல்லவில்லை. நீங்களே மனதுக்குள் எண்ணிக் கொள்ளுங்கள்.

இனி நன்றிக்கு வருவோம். நன்றி சொல்லுவது வெள்ளைக்காரன் பழக்கம், தமிழனுக்கு அது வாயில் வராது, மனதில்தான் இருக்கும் என்று சிலர் வாதம் செய்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் என்று ஓர் அதிகாரமே இருந்தாலும், அங்கே நன்றி என்பது செய்யப்பட்ட நன்மையைக் குறிக்கிறதே தவிர, நன்மை பெற்றவன் திருப்பிச் சொல்லுகிற வார்த்தையைக் குறிக்கவில்லை. நமது பாட்டன்மார் கூட்டங்களில் முடிவில் சொன்னதுகூட வந்தனோபசாரம்தான். நன்றியுரை பின்னால் வந்தது. வீட்டுக்குள்ளே தாய் தண்ணீர் கொடுத்தால் மகன் "நன்றி" என்று சொன்னால் அவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்றுதான் அடுத்த வீட்டுக்காரர் நினைப்பார். வெள்ளைக்காரர்கள்கூட வீட்டுக்குள் அப்படியொன்றும் ஓயாமல் சொல்லுவதில்லையாம். இங்கிலீஷ், இத்தாலி, ருஷியா பாஷைக்காரர் முதல் ஈக்குவடார் தேசத்து ஆதிவாசிகள் வரை எட்டுப் பாஷைக்காரர்கள் அன்றாடம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து பார்த்த ஆராய்ச்சியொன்று 2018-இல் வெளிவந்தது. கேட்ட உதவி கிடைத்தபோது அதற்கு நன்றி என்று வாயால் சொன்னது ஏறக்குறைய இருபது தடவைக்கு ஒரு தடவைதானாம். இங்கிலீஷ்காரர் சற்றுக் கூடுதலாகச் சொன்னார்கள் என்றாலும் அவர்களும் பெரும்பாலான தடவை சொல்லவில்லை. அந்த ஆதிவாசிகள் பாஷையில் அதற்கென்று வழக்கமான ஒரு வார்த்தையே கிடையாதாம். அதனால் அங்கே யாரும் யாருக்கும் உதவி செய்யாமல் இருந்து விடவில்லை. இன்று நீ கொடுத்தாய், நாளை நான் கொடுக்கிறேன் என்று கொடுக்கல் வாங்கல் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் வார்த்தை குறைந்தால் நஷ்டமில்லை.

ஆனால் திருப்பிச் செய்கிற காரியமும் இல்லாமல், வார்த்தையும் இல்லாமல் வாங்கிக்கொண்டே இருக்கிறோமே சிலரிடம், அங்கேதான் மனதில் இருக்கிறது என்ற சமாதானம் பொய்யாகிறது. மேலதிகாரி பேனாவைக் கொடுத்தால் "தாங்க்ஸ் சார்" என்று வாயில் தானாக வருகிறது. அப்போது மட்டும் அது வெள்ளைக்காரன் பழக்கமென்று யாரும் வாயை மூடிக் கொள்வதில்லை. சாக்கடை அடைப்பை எடுத்து விட்டவருக்குத்தான் அது மனதிலேயே தங்கிவிடுகிறது.

வார்த்தை தங்கும் இடம் இப்படியென்றால், அது போய்ச் சேருகிற இடம் இன்னும் விசேஷமானது. நாம் நன்றி சொல்லாத ஜாதியல்ல. நிறையச் சொல்லுகிறோம், ஆனால் விலாசம் தப்பிப் போடுகிறோம். பிள்ளைக்கு விஷக் காய்ச்சல். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. இராத்திரி முழுவதும் கண் விழித்து மருந்து கொடுத்த நர்சம்மாள் ஒருவர். படுக்கையைச் சுத்தம் செய்த ஆயா ஒருவர். பிள்ளை பிழைத்ததும் குடும்பத்தோடு பழனிக்குப் போய் மொட்டை போடுகிறார்கள். அல்லது வேளாங்கண்ணிக்குப் போய் வெள்ளியில் உருவம் செய்து போடுகிறார்கள். ஆயாவின் பெயர் என்ன என்று கேட்டால் தெரியாது. அம்மை வந்தது ஆத்தாள் விளையாட்டு என்றார்கள், போனது ஆத்தாள் கருணை என்றார்கள், கூழ் ஊற்றினார்கள். பெரியம்மை உலகத்திலேயே இல்லையென்று 1980-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. இந்தியாவில் அது கடைசியாகக் கண்டது 1975-இல். அதற்காகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்து, கதவைச் சாத்திக்கொண்டவர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு, அம்மை குத்தியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களில் ஒருவருக்காவது எந்த ஊரிலாவது ஒரு சொம்புக் கூழ் ஊற்றினார்களா என்று கேட்கிறோம். சோறு தின்னும் முன் படியளந்த ஆண்டவனுக்குக் கும்பிடு போடுகிறவர், அந்த அரிசியை வடித்துக் கொட்டிய அம்மாள் அடுப்படியில் நிற்பதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுப்படியில் ஓர் ஆள் இருக்கிறார் என்பதிலே ஆஸ்திகர் நாஸ்திகர் இருவருக்கும் சந்தேகமில்லையே.

வெறும் கும்பிட்டையும் நாம் நம்புவதில்லை. 2020 மார்ச் 22-ஆம் தேதி சாயங்காலம் தேசமே வாசலில் நின்று தட்டைத் தட்டி, கையைத் தட்டி டாக்டர்களுக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் நன்றி தெரிவித்தது. அதில் பலர் மனப்பூர்வமாகவே தட்டினார்கள். ஆனால் துப்புரவுத் தோழர்களில் பெரும்பகுதியார் காண்ட்ராக்ட் கூலிகள். தட்டின சத்தம் அடங்கின பிறகும் அவர்கள் காண்ட்ராக்ட் கூலிகளாகவே இருந்தார்கள். கூலியைக் குறைத்து விட்டு மாலையைப் போடுவது நன்றியில் சேராது.

தோழர்களே! இதுவரை ஊரார் குற்றத்தையே சொல்லிக்கொண்டு வந்தோம். நம் குற்றத்தையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நமது கூட்டத்திலேயே முரட்டுத்தனமாகப் பேசுவதுதான் தைரியம், வணக்கம் சொல்லாமல் விறைத்துக்கொண்டு நிற்பதுதான் சுயமரியாதை என்று எண்ணிக் கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். தன் மரியாதையைக் காப்பாற்றிக் கொள்வது என்றால் அடுத்தவன் மரியாதையைப் பறித்துக்கொண்டு வருவது என்று அர்த்தமில்லை. நம்முடைய கூட்டங்களின் நன்றியுரையைக் கவனியுங்கள். தலைவருக்கு நன்றி, பேச்சாளருக்கு நன்றி, பணம் கொடுத்தவர்களுக்குப் பெயர் பெயராக நன்றி, பந்தோபஸ்து போலீசுக்கு நன்றி, ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி. பேச்சாளர்கள் சாப்பிட்ட சாப்பாட்டைச் சமைத்தவருக்கு நன்றி சொன்ன நன்றியுரை ஒன்றையாவது நாம் கேட்டதில்லை. நாமே எத்தனையோ நன்றியுரை செய்திருக்கிறோம், நாமும் சொன்னதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பெண் விடுதலையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். பலத்த கரகோஷம். இராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு தோழர் வீட்டில் சாப்பாடு. பதினைந்து பேருக்கு இலை விழுந்தது. சாப்பிட்டுக் கை கழுவியபோது, இதைச் சமைத்தவர் நம் பேச்சைக் கேட்டிருக்க முடியாதே என்ற எண்ணம் திடீரென்று வந்தது. பின்கட்டுக்குப் போனோம். அந்தத் தோழரின் துணைவியார் அண்டாவைத் துலக்கிக் கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் பதறி எழுந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "என்னங்கய்யா, சாப்பாட்டிலே ஏதாச்சும் கொறையா?" என்று கேட்டார். பயத்தில் குரலே சரியாக வரவில்லை. குறை சொல்லுவதற்கல்லாமல் ஓர் ஆண் பிள்ளை அடுப்படிக்கு வந்து அவர் பார்த்ததில்லை. "குறை ஒன்றுமில்லை அம்மா, நன்றாக இருந்தது, சிரமப்பட்டிருக்கிறீர்கள் என்று சொல்லத்தான் வந்தோம்" என்றோம். அவருக்கு அதற்கு என்ன பதில் சொல்லுவது என்று தெரியவில்லை. நமக்கும் அதற்கு மேல் என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. நாம் செய்த அந்த இரண்டு மணிப் பிரசங்கத்தின் யோக்கியதை அந்த இடத்தில் நன்றாக விளங்கிற்று.

மறுநாள் நம் வீட்டிலேயே இதை ஆரம்பித்து விடுவது என்று தீர்மானித்து, சாப்பிட்டு எழுந்தபோது துணைவியாரிடம், "இன்றைக்குக் குழம்பு நன்றாக இருந்தது, உனக்கு நன்றி" என்று சொன்னோம். அவர் நம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சலில்லை என்று தெரிந்ததும், "நன்றி இருக்கட்டும், அந்தத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். நன்றி சொல்லத் தெரிந்து கொண்டோம் என்ற கர்வம் ஒரு நிமிஷத்தில் போயிற்று. "நீங்கள்" என்று மேடையில் வாதாடுகிற நாம் வீட்டில் "உனக்கு" என்றதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அதையும் மறைக்கவில்லை. அன்று முதல் நம் தட்டை நாமே கழுவுகிறோம். மற்றது மெல்ல மெல்லத்தான் வருகிறது.

இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு வந்தாலும் ஒரு விஷயத்தை வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை. நமது தாயார் கோயிலுக்குப் போகிறவர். நாம் கோயிலுக்கு எதிராகப் பேசுகிறவர். வீட்டுக்கு வரும் தோழர்களில் எல்லா ஜாதியாரும் இருப்பார்கள். இன்ன ஜாதியாரைத் திண்ணைக்கு மேலே ஏற்றக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் அந்த அம்மாள். ஆனால் ஒரு நாளாவது ஒருவருக்காவது வித்தியாசமாக இலை போட்டதில்லை, "அவர் யார்?" என்று கேட்டதில்லை. கூட்டம் முடிந்து இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பார். புத்தகம் படித்து நாம் தெரிந்து கொண்டதை, படிக்காமலேயே பிள்ளை முகத்துக்காக அவர் செய்தார். நாம் அதை மேடையில் நமது கொள்கையின் வெற்றியாகச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறோம். அவரிடம் சொன்னதில்லை.

அவர் இறந்தபோது சடங்கு எதுவும் செய்யவில்லை. படத்திறப்பு நடந்தது. அரை மணி நேரம் பேசினோம். இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் இன்னும் விரிவாகச் சொன்னோம். வந்திருந்தவர்கள் கண் கலங்கினார்கள். எல்லாம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது, நம் சித்தி, அவரும் எழுத்து வாசனை இல்லாதவர்தான், பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நல்லாத்தான் பேசினே தம்பி. இதிலே ஒரு வார்த்தையாவது அக்கா காதிலே விழறாப்லே என்னைக்காவது சொன்னியா?" என்று கேட்டார். எத்தனையோ சாஸ்திரிகளுக்கும் பண்டிதர்களுக்கும் பதில் சொன்ன வாய்க்கு அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

சாஸ்திரத்தை நம்புகிறவருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. இருக்கும்போது ஒரு வாய்க் கஞ்சி கொடுக்காதவரும், செத்த பிறகு திதி கொடுத்து, காக்கைக்குச் சோறு வைத்து, போய்ச் சேர்ந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக் கொள்ளலாம். ஆத்மா இல்லை, பிதிர்லோகம் இல்லை, செத்தவருக்குக் காது கேட்காது என்று ஊர் ஊராய்ச் சொல்லுகிற நமக்கு அந்தத் தபாலாபீசு கிடையாது. அதை நாமேதான் மூடினோம், மூடியது சரிதான். ஆனால் மூடியவனுக்கு, எழுத வேண்டிய கடிதத்தை இருக்கும்போதே எழுதிவிட வேண்டிய அவசியம் மற்றவர்களைவிட அதிகம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பேச்சு நீண்டுவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாம் மாலை நாலு மணிக்கு இங்கே வந்தபோது, ஒரு தோழர் இந்த மைதானத்தில் முள்ளைப் பொறுக்கிக் கூட்டி, தண்ணீர் தெளித்துக் கொண்டிருந்தார். நாற்காலிகளைப் போட்டவரும் அவர்தான். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு அவர் போய் அதோ வேலியோரத்தில், துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு மணி நேரமாக அங்கேயே நிற்கிறார். முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. யாரோ பெரிய மனிதருக்காகப் போட்டு வைத்தது, அவர் வரவில்லை. தோழரே! இந்த இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்ததற்கு உங்களுக்கு நன்றி. முன்னால் வாருங்கள். வந்து உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி விடுங்கள்.